ஹன்லி நீர்மூழ்கி: மூன்று மூழ்கல்களும் அதைக் கட்டியவர்களும்

1864 பிப்ரவரி 17 இரவு, அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ஹவுஸடானிக் என்ற போர்க்கப்பலை, ஏழு பேர் கையால் சுற்ற எட்டாமவர் செலுத்திய ஓர் இரும்புப் படகு வெடிவைத்துத் தகர்த்தது. போரில் ஒரு நீர்மூழ்கி எதிரிக் கப்பலை மூழ்கடித்தது உலக வரலாற்றில் அதுவே முதல் முறை. ஹெச். எல். ஹன்லி என்ற அந்தப் படகு அதற்கு முன்பே இரண்டு முறை மூழ்கித் தன்னுள் இருந்த 13 பேரைக் கொன்றிருந்தது. வென்ற இரவிலும் அது கரை திரும்பவில்லை. மேலும் எட்டுப் பேர் அதனுடன் போனார்கள்.

இந்த மூன்று இழப்புகளையும் அந்தக் காலத்துத் தொழில்நுட்பம் அவ்வளவுதான் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. கொதிகலன் ஒன்றை வெட்டி ஒட்டிச் செய்த தகரப்பெட்டி என்ற பழங்கதையும் அந்த முடிவுக்குத் துணைபோனது. ஆனால் கிடைத்திருக்கும் சாட்சியங்களையும் 2000-க்குப் பிந்தைய அகழாய்வையும் சேர்த்துப் படித்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. படகு நன்றாகவே கட்டப்பட்டிருந்தது. கட்டியவர்கள் தங்கள் பிழைகளிலிருந்து படிப்படியாகக் கற்றுக்கொண்டவர்கள். கெட்டது எங்கே என்றால், படகை அறிந்த கைகளும் படகுக்கென்று யோசித்து வைத்த ஆயுதமும் ஒன்றன்பின் ஒன்றாக அதைவிட்டு விலக்கப்பட்ட இடங்களில்தான். இந்த ஆய்வு அந்த இடங்களையே பின்தொடர்கிறது.

மூன்று பேர், மூன்று படகுகள்

1861-ல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் வடமாநிலங்களின் கடற்படை தென்மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்புக்குப் பருத்தியை வெளியே அனுப்பவும் துப்பாக்கியை உள்ளே கொண்டுவரவும் கடல்வழிதான் உயிர்நாடி. அதனிடம் பெரிய கடற்படை இல்லை. எனவே எதிரிக் கப்பல்களைத் தாக்க விரும்பும் தனியாருக்கு அது உரிமப் பத்திரம் வழங்கியது. பின்னாளில் கப்பல் வணிக நிறுவனம் ஒன்று முற்றுகைக் கப்பல்களை மூழ்கடிப்பவருக்குப் பெருந்தொகைப் பரிசும் அறிவித்தது. ஹன்லியைக் கட்டியவர்களின் முயற்சியில் நாட்டுப்பற்றும் முதலீடும் கலந்தே இருந்தன என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். அவர்களுடைய திறமையை மதிப்பதும், அந்தத் திறமை எந்த நோக்கத்துக்கு உழைத்தது என்பதைச் சொல்வதும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

நியூ ஆர்லியன்ஸ் நகரில் நீராவி அளவிகளும் இயந்திரப் பாகங்களும் செய்துவந்த ஜேம்ஸ் மக்ளின்டாக், பாக்ஸ்டர் வாட்ஸன் ஆகிய இருவரே இந்த வேலையின் தொடக்கம். அவர்களுடன் சேர்ந்த ஹோரஸ் லாஸன் ஹன்லி வழக்கறிஞர். லூயிசியானா சட்டமன்றத்தில் இருந்தவர். நியூ ஆர்லியன்ஸ் சுங்க அலுவலகத்தில் பணியாற்றியவர். இயந்திரம் அவருடைய தொழில் அல்ல. பணமும், விடாப்பிடியான நம்பிக்கையும், அதிகாரிகளிடம் பேசும் வழியும் அவருடைய பங்கு.

இவர்களின் முதல் படகு பயனியர். சுருட்டு வடிவத்தில், சுமார் 9 மீட்டர் நீளத்தில் இருந்த அதைப் பாண்ட்சர்ட்ரெயின் ஏரியில் சோதித்தார்கள். 1862 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸ் வடபடையிடம் வீழ்ந்தபோது, அது எதிரி கையில் சிக்கக் கூடாதென்று தாங்களே ஒரு கால்வாயில் மூழ்கடித்துவிட்டு மூவரும் அலபாமாவின் மொபீல் நகருக்குப் போனார்கள்.

அங்கே பார்க் அண்டு லயன்ஸ் பட்டறையில் இரண்டாம் படகு உருவானது. இதற்குத்தான் மக்ளின்டாக் மின்காந்த மோட்டார் ஒன்றைப் பொருத்த முயன்றார். 1862-ல், ஒரு போர்க்கால ஊரின் பட்டறையில், மின்சாரத்தால் ஓடும் நீர்மூழ்கி! பல மாதங்கள் உழைத்தும் படகை நகர்த்தும் அளவு வலு அதிலிருந்து கிடைக்கவில்லை. கடைசியில் மனிதர்கள் கையால் சுற்றும் தண்டே பொருத்தப்பட்டது. 1863 பிப்ரவரியில் மொபீல் வளைகுடாவில் இழுத்துச் செல்லப்பட்டபோது, கொந்தளிப்பான கடலில் அந்தப் படகு மூழ்கிப்போனது. ஆட்கள் தப்பினார்கள், படகு இன்றுவரை கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் வடபடையின் அலிகேட்டர் நீர்மூழ்கியும் ஹாட்டெரஸ் முனைக்கு அருகில் இதேபோல் இழுத்துச் செல்லப்படும் வழியில் தொலைந்தது.

மூன்றாம் படகுதான் பின்னாளில் ஹன்லியின் பெயரைப் பெற்றது. அதற்குப் புதிய பங்குதாரர்கள் வந்தார்கள். கடல் வெடிகலங்கள் செய்வதில் பெயர்பெற்ற எட்கர் சிங்கரின் குழு பணத்தின் பெரும்பகுதியைப் போட்டது. ஹன்லி மூன்றில் ஒரு பங்கை ஏற்றார். அலபாமாப் படைப்பிரிவு ஒன்றிலிருந்து பட்டறை வேலைக்கு அனுப்பப்பட்டிருந்த, இங்கிலாந்தில் பிறந்த பொறியாளர் வில்லியம் அலெக்ஸாண்டர் கட்டுமானத்தில் முக்கியப் பங்கெடுத்தார். அவர் 1902-ல் எழுதிய நினைவுக்குறிப்புதான் இந்தப் படகைப் பற்றிய நம் அறிவுக்கு நீண்டகாலம் அடித்தளமாக இருந்தது.

படகின் உள்ளே

1863 ஜூலையில் நீரில் இறங்கிய அந்தப் படகு சுமார் 12 மீட்டர் நீளம். உள்ளே உயரம் 1.2 மீட்டர்தான், நிமிர்ந்து நிற்க முடியாது. ஏழு பேர் ஒரு பக்கமாக வரிசையாக உட்கார்ந்து, படகின் நீளவாக்கில் ஓடிய வளைதண்டைச் சுற்றினால், பின்புற உந்துவிசிறி சுழலும். எட்டாமவரான தலைவர் முன்புறச் சிறு கோபுரத்தில் தலையை நுழைத்துக்கொண்டு, திசையையும் பக்கச் சிறகுகளையும் ஒருங்கே கவனிக்க வேண்டும். பக்கச் சிறகின் நெம்புகோலை அழுத்தினால் மூக்கு கீழே இறங்கும். உயர்த்தினால் மேலே ஏறும். ஆழம் காட்ட ஒரு பாதரச அளவி, திசை காட்ட ஒரு காம்பஸ், காற்று இழுக்க இரண்டு குழாய்களும் ஒரு துருத்தியும் இருந்தன. வெளிச்சத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி. அது மங்கினால் காற்றும் தீர்ந்துவருகிறது என்று பொருள்.

முன்னும் பின்னும் ஒவ்வொரு நீர்த்தொட்டி. வால்வைத் திறந்தால் கடல்நீர் உள்ளே வந்து படகு கனக்கும்; கைப்பம்பால் வெளியேற்றினால் இலேசாகும். அடிப்பகுதியில் இரும்புக் கட்டிகள் மாட்டப்பட்டிருந்தன. உள்ளிருந்தே போல்ட்டுகளைத் திருகி அவற்றைக் கழற்றிவிட்டால் ஆபத்தில் படகு மேலெழும்பும். இவ்வளவு யோசித்தவர்கள் ஒரு பலவீனத்தை விட்டுவைத்தார்கள். நீர்த்தொட்டிகளின் தடுப்புச் சுவர்கள் கூரைவரை எட்டவில்லை. தொட்டி நிரம்பி வழிந்தால் தண்ணீர் நேரே ஆட்கள் இருக்கும் அறைக்குள் வரும். என் பார்வையில் இதுவே இந்தப் படகின் உண்மையான வடிவமைப்புக் குறை. மற்றவை அந்தக் காலத்தின் எல்லைகள்.

ஆயுதம் படகுடனேயே யோசிக்கப்பட்டது. நீண்ட கயிற்றின் முனையில் மிதக்கும் வெடிகலம் ஒன்றைப் பின்னால் இழுத்துக்கொண்டு, எதிரிக் கப்பலின் அடியில் மூழ்கி மறுபுறம் எழ வேண்டும். கயிறு இழுபட்டு வெடிகலம் கப்பலின் வயிற்றில் மோதி வெடிக்கும். அப்போது கப்பலின் முழு உடலும் வெடிப்புக்கும் படகுக்கும் நடுவே இருக்கும். 1863 ஜூலை இறுதியில் மொபீலில் அதிகாரிகளின் கண்ணெதிரே ஒரு பழைய தட்டைப்படகை இந்த முறையில் தகர்த்துக் காட்டினார்கள். சார்ல்ஸ்டனைக் காத்துவந்த ஜெனரல் போரிகார்டுக்கு இது பிடித்துப்போனது. ஆகஸ்ட் மாதம் இரண்டு சரக்கு ரயில் மேடைகளில் ஏற்றப்பட்டுப் படகு சார்ல்ஸ்டனுக்கு வந்தது.

முதல் மூழ்கல்: 1863 ஆகஸ்ட் 29

சார்ல்ஸ்டனில் முதலில் மக்ளின்டாக்கே படகைச் செலுத்தினார். பல இரவுகள் வெளியே போயும் தாக்கவில்லை. கட்டியவருக்கு அதன் எல்லை தெரியும். வெளியே காத்திருந்தவர்களுக்கு அவருடைய நிதானம் பயமாகத் தெரிந்தது. சலிவன்ஸ் தீவிலிருந்த ஜெனரல் கிளிங்மன், இப்போதைய நிர்வாகத்தில் இந்தப் படகு எந்தப் பயனும் தராது என்று எழுதினார். சில நாள்களில் ராணுவம் படகைக் கைப்பற்றி, லெப்டினன்ட் பெய்ன் தலைமையில் கடற்படைத் தன்னார்வலர்களிடம் கொடுத்தது.

ஜான்ஸன் கோட்டைத் துறையில், மேல்மூடிகள் திறந்திருந்த நிலையில், படகு தண்ணீருக்குள் போனது. உயிர்தப்பிய சார்ல்ஸ் ஹாஸ்கரின் சாட்சியப்படி, கயிற்றில் கால் சிக்கிய பெய்ன் பக்கச் சிறகின் நெம்புகோலை மிதித்துவிட்டார். ஓடிக்கொண்டிருந்த படகு திறந்த மூடிகளுடனேயே மூழ்க முனைந்தது. அருகில் போன நீராவிப் படகின் அலையும் கயிறும்தான் காரணம் என்ற கூற்றும் உண்டு. ஹாஸ்கரின் கால் மூடியில் மாட்டிக்கொண்டது. படகுடன் அடிவரை போய், அங்கே காலை விடுவித்துக்கொண்டு மேலே வந்தார். ஐந்து பேர் இறந்தார்கள்.

எந்தக் கூற்றை ஏற்றாலும் ஒன்று மாறாது. அந்த நெம்புகோல் எவ்வளவு நுட்பமாகப் பதில் சொல்லும் என்று பழகிய கை அன்று படகில் இல்லை. பல மாதம் பழகியவரை நீக்கிவிட்டு, சில நாளே பழகியவர்களிடம் படகு ஒப்படைக்கப்பட்டிருந்தது.

இரண்டாம் மூழ்கல்: 1863 அக்டோபர் 15

படகை எடுத்துச் சுத்தம் செய்ததும் ஹன்லி தானே எழுதிக் கேட்டார்: படகைக் கட்டிய மொபீல் ஆள்களையே வரவழைத்து ஓட்டவிடுங்கள். போரிகார்டு ஒப்புக்கொண்டார். பட்டறை உரிமையாளரின் மகன் தாமஸ் பார்க் உட்பட ஒரு குழு வந்தது. இந்தியன் சீஃப் என்ற கப்பலின் அடியில் மூழ்கி எழும் பயிற்சியை அவர்கள் நடத்தினார்கள். அக்டோபர் 15 அன்று ஹன்லியே தலைவரின் இடத்தில் அமர்ந்தார். படகு மூழ்கியது, எழவில்லை. எட்டுப் பேரும் இறந்தார்கள்.

மூன்று வாரங்களுக்குப் பிறகு படகை மேலே கொண்டுவந்தபோது அலெக்ஸாண்டர் கண்டவை, ஒரு விபத்து விசாரணை அறிக்கைக்கு உரிய துல்லியத்துடன் அவருடைய குறிப்பில் இருக்கின்றன. மூக்கு சேற்றில் குத்தி, படகு சாய்ந்து நின்றிருந்தது. முன்தொட்டியின் வால்வு முழுவதும் திறந்திருந்தது. அதைத் திருகும் சாவி கைப்பிடியிலிருந்து கழன்று படகின் தரையில் கிடந்தது. அடி இரும்புக் கட்டிகளின் போல்ட்டுகள் பாதிவரை திருகப்பட்டிருந்தன, ஆனால் கழலவில்லை. ஹன்லியின் உடல் முன்கோபுரத்தில் இருந்தது. மூடியைத் தள்ளிய நிலையில் வலக்கை தலைக்கு மேலே, இடக்கையில் ஒரு மெழுகுவர்த்தி. அது ஏற்றப்படவே இல்லை. பின்கோபுரத்தில் பார்க்கின் உடலும் அதே நிலையில்.

இவற்றிலிருந்து அலெக்ஸாண்டர் வரிசையைத் தொகுத்தார். படகு மூழ்கத் தொடங்கும்போது ஹன்லி முன்தொட்டியில் நீரை விட்டுக்கொண்டே சிறகையும் சாய்த்தார். உள்ளே இருட்டானதும் மெழுகுவர்த்தியை ஏற்ற முனைந்தார். அந்த இடைவெளியில் வால்வை மூட மறந்தார். தொட்டி நிரம்பி, கூரை எட்டாத தடுப்புச் சுவரின் மேல் வழிந்து, படகின் முன்பகுதி நீரால் நிறைந்தது. கண்ணுக்குப் புலப்படாத இருட்டில் சாவியைத் தேடிய கைகளுக்கு அது அகப்படவில்லை. முன்னே சொன்ன வடிவமைப்புக் குறை இங்கே முழு விலை வாங்கியது. ஆனால் அந்தக் குறையை விபத்தாக மாற்றியது செயல் வரிசையில் நேர்ந்த ஒரு தவறு. ஹன்லி அந்தப் படகை மனதார நேசித்தவர், அதற்காகத் தன் சொத்தைச் செலவிட்டவர். ஆனால் அதை இரவுபகலாக ஓட்டிப் பழகியவர் அல்ல. பழகியவரான லெப்டினன்ட் ஜார்ஜ் டிக்ஸன் அன்று படகில் இல்லை.

ஆயுதம் மாறியது

இதற்குப் பிறகு படகை மறுபடி பயன்படுத்த போரிகார்டு தயங்கினார். டிக்ஸனும் அலெக்ஸாண்டரும் மன்றாடிக் கேட்டபோது இரண்டு நிபந்தனைகளுடன் இசைந்தார். தன்னார்வலராக வருபவர்களிடம் அபாயத்தை முழுமையாகச் சொல்ல வேண்டும். படகு நீருக்கடியில் சென்று தாக்கக் கூடாது. அதனால் இழுத்துச் செல்லும் வெடிகலம் கைவிடப்பட்டது. அக்டோபர் 5 அன்று டேவிட் என்ற சிறு நீராவிப் படகு, முனையில் வெடிகலம் பூட்டிய நீண்ட கம்பத்தால் நியூ அயன்சைட்ஸ் கப்பலைத் தாக்கிச் சேதப்படுத்தியிருந்தது. ஹன்லியின் மூக்கிலும் அப்படியொரு சுமார் 5 மீட்டர் இரும்புக் கம்பம் பொருத்தப்பட்டது. உயிர்களைக் காக்கும் நல்லெண்ணத்தில் எடுத்த முடிவு அது. ஆனால் அந்த முடிவால், எதிரிக் கப்பலின் உடல் வெடிப்புக்கும் படகுக்கும் நடுவே நிற்கும் முதல் திட்டத்தின் பாதுகாப்பு போய்விட்டது.

1863-64 குளிர்காலம் முழுவதும் புதிய குழு பயிற்சி எடுத்தது. மவுண்ட் பிளசன்ட்டிலிருந்து கடற்கரை வழியே நடந்து பிரீச் இன்லெட் வரை போய், வாரத்துக்குச் சராசரியாக நான்கு இரவுகள் கடலுக்குள் சென்றார்கள். எவ்வளவு நேரம் உள்ளே தாங்க முடியும் என்று ஒருநாள் படகை அடியில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். முதலில் தாங்க முடியாதவர் ‘மேலே’ என்று சொன்னால் போதும் என்பது ஒப்பந்தம். 25 நிமிடத்தில் மெழுகுவர்த்தி அணைந்தது. கும்மிருட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே குரலில் சொன்னபோது, முன்பம்பு வேலை செய்தது, அலெக்ஸாண்டர் இருந்த பின்பம்பு நீரை இழுக்கவில்லை. அவர் இருட்டில் தடவி பம்பின் மூடியைத் திறந்து, வால்வைத் தூக்கி, அடைத்திருந்த கடற்பாசியை விரலால் எடுத்துப் போட்டார். இரண்டு மணி 35 நிமிடத்துக்குப் பிறகு மேலே வந்தபோது, கரையில் நின்றவர்கள் அவர்கள் இறந்துவிட்டதாகவே முடிவுகட்டியிருந்தார்கள். அந்தப் பம்பு எப்படிப் பொருத்தப்பட்டது என்று தெரிந்த கை ஒன்று உள்ளே இருந்ததால் எட்டுப் பேர் பிழைத்தார்கள்.

1864 பிப்ரவரித் தொடக்கத்தில், பீரங்கி ஒன்றைக் கட்டுவதற்காக அலெக்ஸாண்டர் மொபீலுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். டிக்ஸன் வேறு ஆள்களைச் சேர்த்துக்கொண்டார்.

மூன்றாம் மூழ்கல்: 1864 பிப்ரவரி 17

இரவு சுமார் 8.45 மணிக்கு, ஹவுஸடானிக்கின் மேல்தளத்தில் காவலில் இருந்த ஜான் கிராஸ்பி, கப்பலை நோக்கி நீரில் ஏதோ நகர்ந்து வருவதைக் கண்டார். முதலில் கடற்பன்றி என்று நினைத்தார். எச்சரிக்கை மணி அடித்து, நங்கூரச் சங்கிலியை விட்டு, இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டினார்கள். பீரங்கிகளை அவ்வளவு கீழே குறிவைக்க முடியவில்லை, துப்பாக்கிகளால் சுட்டார்கள். கப்பல் தலைவர் பிக்கரிங்கும் தன் இரட்டைக்குழல் துப்பாக்கியால் சுட்டார். கம்பம் கப்பலின் வலப்புறப் பின்பகுதியில் பாய்ந்தது. சுமார் 61 கிலோ கருமருந்து வெடித்தது. ஐந்து நிமிடத்துக்குள் கப்பல் அடியில் அமர்ந்தது. ஆழம் குறைவு என்பதால் மாலுமிகள் பாய்மரக் கயிறுகளில் ஏறித் தொங்கினார்கள். ஐந்து பேர் மட்டுமே இறந்தார்கள்.

அப்படித் தொங்கியவர்களில் ஒருவர் ராபர்ட் ஃபிளெமிங் என்ற கறுப்பின மாலுமி. உதவிக்கு வந்த கனன்டேகுவா கப்பலின் முன்னே நீர்மட்டத்தில் ஒரு நீல வெளிச்சத்தைக் கண்டதாக அவர் விசாரணை மன்றத்தில் சொன்னார். கரையிலிருந்த மார்ஷல் காவலரணின் அதிகாரியும், ஹன்லி திரும்பும்போது காட்டுவதாக ஒப்புக்கொண்ட சமிக்ஞைகள் தெரிந்தன, பதில் காட்டினோம் என்று அறிக்கை அனுப்பினார். அதன் பிறகு ஹன்லியைப் பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை.

1995-ல் நாவலாசிரியர் கிளைவ் கஸ்லர் நிதியளித்த தேடல் குழு, ஹவுஸடானிக்கின் சிதைவுக்கு அப்பால் கடற்புறமாக, மணலுக்கடியில் புதைந்திருந்த படகைக் கண்டுபிடித்தது. 2000 ஆகஸ்ட் 8 அன்று அது உயர்த்தப்பட்டு, வடக்கு சார்ல்ஸ்டனிலுள்ள பாதுகாப்பு ஆய்வகத்தின் குளிர்நீர்த் தொட்டிக்கு வந்தது. கொதிகலன் கதை அங்கே முடிந்தது. தகடுகள் இந்தப் படகுக்கென்றே வளைக்கப்பட்டவை. நீரோட்டத்தைத் தடுக்காதபடி ரிவெட்டுகள் மேற்பரப்போடு சமமாக அடிக்கப்பட்டவை. உள்ளே நிறைந்திருந்த சேற்றைப் படலம் படலமாக அகற்றிய தொல்லியலாளர் மரியா ஜேக்கப்ஸன் குழு, எட்டு உடல்களையும் அவரவர் இருக்கையிலேயே கண்டது. டிக்ஸனின் எலும்புகளோடு, துப்பாக்கிக் குண்டு பட்டு வளைந்த 20 டாலர் தங்கக் காசு ஒன்று கிடைத்தது. 1862 ஏப்ரல் 6 ஷைலோப் போரில் அவர் உயிரைக் காத்த காசு அது என்று அதிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. தொடை எலும்பில் ஆறிய காயத்தின் தழும்பும் இருந்தது.

இருக்கை நிலை முக்கியமான சான்று. ஒருவரும் வாயிலை நோக்கி ஓடவில்லை. பம்புகள் ஆள் அறையிலிருந்து நீரை வெளியேற்றும்படி திருப்பப்படவில்லை. அடி இரும்புக் கட்டிகளும் கழற்றப்படவில்லை. முந்தைய மூழ்கலில் பாதி திருகப்பட்ட போல்ட்டுகளையும், மூடியைத் தள்ளிய கைகளையும் இதனுடன் ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். 2013-ல் கம்பத்தின் முனையைச் சுத்தம் செய்தபோது வெடிகலத்தின் செப்புக் கவசத் துண்டு அதிலேயே பூட்டப்பட்டபடி இருந்தது. வெடிகலத்தைக் கப்பலில் குத்திவைத்துவிட்டு, பின்வாங்கி, தொலைவிலிருந்து கயிற்றை இழுத்து வெடிக்கவைத்தார்கள் என்று அதுவரை நம்பப்பட்டது. அது தவறு. படகு ஒரு கம்பத்தின் நீளத்துக்கு உள்ளேயே இருந்திருக்கிறது.

2017-ல் டியூக் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் லான்ஸ், சிறிய அளவு மாதிரிப் படகைக் கொண்டு வெடிப்புச் சோதனைகள் செய்து, அழுத்த அலை இரும்பு உடலின் வழியே நுழைந்து நுரையீரல்களைத் தாக்கி உடனே கொன்றிருக்கும் என்ற முடிவை வெளியிட்டார். படகை ஆராய்ந்துவரும் அணியினர் அதை இறுதி விடையாக ஏற்கவில்லை. மூச்சுக்காற்று தீர்ந்து மயங்கியது, முன்கோபுரத்தின் உடைந்த துளை வழியே நீர் புகுந்தது ஆகிய விளக்கங்களும் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. சான்றுகளின் எடை எனக்கு வெடிப்பின் பக்கமே சாய்கிறது. மெதுவாக மூச்சு முட்டியிருந்தால், இரண்டு மணி நேரம் உள்ளே இருந்து பழகிய முறைப்படி, யாராவது ஒருவர் பம்பைத் தொட்டிருப்பார் அல்லது ஒரு போல்ட்டையாவது திருகியிருப்பார். நீல வெளிச்சச் சாட்சியம் மட்டுமே இதற்கு எதிராக நிற்கிறது. மீட்புக்கு விரைந்த கப்பல்களும் அன்றிரவு விளக்குச் சமிக்ஞைகளைப் பயன்படுத்தின என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அதன் வலு குறைகிறது.

எட்டுப் பேரும் 2004 ஏப்ரல் 17 அன்று, முந்தைய இரண்டு மூழ்கல்களில் இறந்தவர்கள் துயிலும் சார்ல்ஸ்டன் மக்னோலியா இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் நால்வர் ஐரோப்பாவில் பிறந்தவர்கள் என்பது எலும்பாய்வில் தெரியவந்தது.

மக்ளின்டாக் போரில் பிழைத்தார். 1872-ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளைச் சந்தித்து, தன் படகுகளைப் பற்றி விளக்கி, புதிதாக ஒன்று கட்டித் தர முன்வந்தார். அவர் மொபீலில் மின்காந்த மோட்டாரோடு போராடியபோதே எது குறைகிறது என்று அறிந்திருந்தார்: மனிதக் கையை நம்பாத ஓர் உந்துவிசை. மற்றொரு குறையை ஹன்லியின் கடைசி இரவு காட்டியது: படகைவிட்டுத் தானே விலகிச் செல்லும் ஆயுதம். 1914 செப்டம்பர் 5 அன்று ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால் யூ-21 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கி பிரிட்டனின் பாத்ஃபைண்டர் கப்பலை மூழ்கடித்தது. ஹன்லிக்குப் பிறகு போரில் ஒரு நீர்மூழ்கியின் அடுத்த பெரிய வெற்றி அதுதான். நீர்மட்டத்தில் டீசல் இயந்திரத்தாலும் நீருக்கடியில் மின்மோட்டாராலும் ஓடிய அந்தக் கப்பல், தானே நீந்திச் செல்லும் டார்பிடோவைத் தொலைவிலிருந்து செலுத்திவிட்டு, தன் ஆள்களுடன் திரும்பிச் சென்றது.